நிமிடத்துக்கு 1,500 சுற்று

அணுமின் நிலையம் என்றாலே பேச்சு அணு உலையைச் சுற்றியே நின்றுவிடுகிறது. பக்கத்துக் கட்டடத்தில் சுழலும் டர்பைனை யாரும் பொருட்படுத்துவதில்லை; அனல்மின் நிலையத்தில் இருப்பதுதானே இங்கும் என்ற எண்ணம். இது சரியல்ல. நவீன நிலக்கரி நிலையத்து நீராவியின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. அழுத்தநீர் உலையிலோ, உள்ளே ஓடும் நீர் கொதித்துவிடக் கூடாது. ஆகவே அதன் வெப்பம் 325 டிகிரியை ஒட்டி நிறுத்தப்படுகிறது. அந்த நீரின் சூட்டால் உண்டாகும் நீராவி சுமார் 280 டிகிரியில், சிறிது விரிந்தாலே துளிர்க்கும் நிலையில் டர்பைனுக்கு வருகிறது. சத்துக் குறைந்த நீராவி என்பதால் அளவைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும்: 1,000 மெகாவாட்டுக்கு மணிக்கு ஏறக்குறைய 5,900 டன். மீண்டும் நீராகக் குளிர்விக்கும் கண்டன்சரை எட்டுவதற்குள் அது பல நூறு மடங்கு பருத்துவிடும். அத்தனைக்கும் வழிவிட, கடைசி வரிசை பிளேடுகள் ஆள் உயரத்துக்கு நீள வேண்டியதாகிறது.

சிக்கல் இங்கேதான். பிளேடு நுனிகள் சுழலும் வட்டத்தின் விட்டம் ஐந்தரை மீட்டர் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் நுனி விநாடிக்கு 860 மீட்டர் பறக்கும். வேரோடு பிடுங்கி எறியப் பார்க்கும் அந்த விசையை எஃகு தாங்காது. 1,500 சுற்றுக்கு இறக்கினால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும். மின்னாக்கியில் இரண்டுக்குப் பதில் நான்கு காந்த முனைகளை வைத்தால் அதே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஆனால் டர்பைனின் சுழலும் பகுதியான ரோட்டார் பெருத்துவிடுகிறது. ஒரே துண்டாக அடித்து உருவாக்க 600 டன்னுக்கு மேற்பட்ட எஃகுக் கட்டி வேண்டும். ஜப்பானின் முரோரான் ஆலையைப் போல அதை வார்க்கக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில. பிரான்ஸின் பெல்ஃபோர்ட்டில் உருவாகும் அராபெல் டர்பைனுக்குச் சிறிய துண்டுகளைப் பற்றவைத்தே ரோட்டாரை ஆக்குகிறார்கள். வட்டுகளைச் சூடேற்றித் தண்டில் இறுக்கும் பழைய முறையில் இடுக்குகள் இருந்தன. 1969இல் பிரிட்டனின் ஹிங்க்லி பாயிண்ட் ஏ நிலையத்தில் வட்டு வெடித்துச் சிதறியது அப்படியோர் இடுக்கில் தோன்றிய விரிசலால்தான்.

கூடங்குளத்து டர்பைன்கள் 3,000 சுற்றில்தானே ஓடுகின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லெனின்கிராட் உலோக ஆலையின் அந்த வடிவமைப்பு பிளேடை 1.2 மீட்டரோடு நிறுத்தி, எஃகைவிட எடை குறைந்த டைட்டானியத்தால் செய்தது. பிளேடு குட்டையானதால் அத்தகைய பிளேடுகள் சுழலும் தாழ்வழுத்த உருளைகள் நான்கு தேவைப்பட்டன. அராபெல் 1,700 மெகாவாட்டுக்கும் மூன்றோடு முடித்துக்கொள்கிறது. எடையும் கட்டடச் செலவும் மிச்சம் என்பது வேகத்தின் பக்கமுள்ள வலுவான வாதம்தான். ஆனால் நுனிவேகம் கூடக்கூட, ஈர நீராவியின் துளிகள் பிளேடை அரிப்பதும் கூடும். துருக்கியின் அக்குயு அணுமின் நிலையத்தில், கூடங்குளத்தைப் போலவே, உலைகள் ரஷ்யாவுடையவை. அவற்றோடு இணைவதோ 1,500 சுற்று அராபெல் டர்பைன்.