மரி ஒகாடா: அழுகையின் பலமும் அளவு மீறலும்

ஜப்பானிய அனிமே ரசிகர்களுக்கு இயக்குநர்களின் பெயர்கள் தெரியும், ஸ்டுடியோக்களின் பெயர்கள் தெரியும். திரைக்கதை எழுதியவரின் பெயரைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. மரி ஒகாடா இதற்கு விதிவிலக்கு. அவர் பெயர் இருந்தால் பார்ப்பவர்களும் உண்டு, அவர் பெயர் இருப்பதாலேயே தவிர்ப்பவர்களும் உண்டு.

தொலைக்காட்சி அனிமேயில் 'தொடர் அமைப்பு' என்று தனியாக ஒரு பொறுப்பு இருக்கிறது. பதினொன்றோ இருபத்தைந்தோ அத்தியாயங்களில் எதில் என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிடுவதும், மற்ற எழுத்தாளர்கள் எழுதுவதை ஒரே குரலுக்குக் கொண்டுவருவதும் அந்தப் பொறுப்பில் இருப்பவருடைய வேலை. அதன் பிறகுதான் இயக்குநரும் அவருடைய குழுவும் காட்சிகளைப் படமாக வரையத் தொடங்குகிறார்கள். ஒகாடாவின் பெயர் பெரும்பாலும் இந்தப் பொறுப்பில்தான் வருகிறது. எனவே திரையில் தெரியும் நிறையும் குறையும் முழுக்க அவருடையவை அல்ல. ஆனாலும் யாருடைய இயக்கத்தில் எழுதினாலும் சில விஷயங்கள் அவரிடம் திரும்பத் திரும்ப வருகின்றன.

1976இல் சைத்தாமா மாகாணத்தில் மலைகள் சூழ்ந்த சிச்சிபு என்ற ஊரில் பிறந்தவர் ஒகாடா. சிறு வயதில் சக மாணவர்களின் கேலிக்கு ஆளாகி, பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே பல ஆண்டுகள் இருந்தார். தாயுடனான உறவும் சுமுகமாக இல்லை. 2017இல் வெளியான தன் வரலாற்று நூலில் இவற்றை அவர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளை, உறவை அறுத்துக்கொள்ள முடியாத சொந்த ஊர், எப்படி அன்பு காட்டுவது என்று தெரியாத தாய் ஆகிய மூன்றும் இவருடைய கதைகளில் மாறி மாறி வருவது தற்செயல் அல்ல.

அவருக்குப் பெரும் புகழ் தந்தது 2011இல் வந்த 'அனோஹனா'. மொத்தம் 11 அத்தியாயங்கள். இயக்கியவர் தத்சுயுகி நாகாய், பாத்திரங்களை வடிவமைத்தவர் மசயோஷி தனாகா. கதை நடக்கும் இடம் ஒகாடாவின் சிச்சிபுவேதான். சிறு வயதில் இறந்துபோன மென்மா என்ற சிறுமி, பள்ளிக்குப் போகாமல் வீட்டில் அடைந்து கிடக்கும் ஜிந்தாவின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறாள். அவளுடைய ஆசையை நிறைவேற்ற, பிரிந்துபோன பழைய நண்பர்கள் மீண்டும் கூடுகிறார்கள்.

ஒகாடாவின் எழுத்து எங்கே பலம் பெறுகிறது என்பதற்கு இந்தத் தொடரிலிருந்து ஒரு காட்சி போதும். நண்பர்களில் ஒருவன் யுக்கியாத்சு. அழகன், படிப்பில் முதல்வன், நல்ல பள்ளியில் படிப்பவன். இரவில் காட்டுக்குள் மென்மா நடமாடுவதாகப் பேச்சு எழுகிறது. தேடிப் போய்ப் பார்த்தால், பொய்முடி வைத்து வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு ஓடியது யுக்கியாத்சு. பார்க்கச் சிரிப்பு வருகிற கோலம். ஆனால் இறந்தவள் தன் முன் வராமல் ஜிந்தாவின் முன் ஏன் வந்தாள் என்ற பொறாமை அவனை இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று தெரியும்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. கௌரவமான ஒரு பையனை இப்படி அம்பலத்தில் நிறுத்த வேறு எழுத்தாளர்கள் தயங்குவார்கள். ஒகாடா தயங்குவதில்லை. துக்கம் மனிதரை மேன்மைப்படுத்தும் என்ற சினிமா வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, துக்கத்துக்குள் இருக்கும் அற்பத்தனத்தையும் காட்டுகிறார்.

இதே தொடரின் கடைசிக் கட்டத்தில் பலவீனமும் தெரிகிறது. மென்மாவை வழியனுப்ப நினைத்ததில் தங்களுக்கும் சுயநலம் இருந்தது என்று நண்பர்கள் ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ளும் காட்சி கூர்மையானது. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அதற்குப் பிறகு விடியற்காலையில் காட்டில் எல்லோரும் கதறி அழுகிறார்கள், ஏற்கனவே சொன்னதையே உரத்த குரலில் மறுபடி சொல்கிறார்கள். பார்ப்பவர்கள் பலர் சேர்ந்து அழுதார்கள் என்பது உண்மைதான். பார்ப்பவர் தானாக உணர இடம் வைக்காத எழுத்து என்ற குற்றச்சாட்டுக்கு இந்தக் காட்சி சாட்சியாக நிற்பதும் உண்மை.

2015இல் இதே மூவர் கூட்டணி எடுத்த 'கோகோசாகே' திரைப்படத்தில் அந்தக் கத்தல் தேவையான இடத்தில் வருகிறது. வாயாடிச் சிறுமி ஜுன், கோட்டை போன்ற ஒரு விடுதியிலிருந்து அப்பா வேறொரு பெண்ணுடன் வெளியே வருவதைப் பார்த்து, இளவரசனைக் கண்டதுபோல் மகிழ்ந்து அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். குடும்பம் உடைகிறது. எல்லாம் உன் வாயால் வந்தது என்று சொல்லிவிட்டு அப்பா கிளம்பிவிடுகிறார். அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை, பேசினால் வயிறு வலிக்கும். உயர்நிலைப் பள்ளியில் தான் நடிக்க வேண்டிய நாடகத்தின் நாளன்று அவள் ஓடி ஒளிவதும் பாழடைந்த அதே விடுதியில்தான். தேடி வரும் வகுப்புத் தோழன் தக்குமியிடம் வாய்க்கு வந்தபடி வசை பொழிகிறாள், பிறகு காதலைச் சொல்கிறாள். தனக்கு வேறொருத்தியைப் பிடிக்கும் என்கிறான் அவன். படம் முழுக்க அடைபட்டிருந்த குரல் இது என்பதால் ஒரு சொல்கூட மிகையாகத் தோன்றுவதில்லை. காதல் கைகூடாமலேயே அவள் மேடைக்குத் திரும்புவதும் நல்ல தீர்மானம்.

பிறர் எழுதிய மூலக்கதை கையில் இருக்கும்போது ஒகாடாவிடம் இன்னொரு திறமை வெளிப்படுகிறது. யுயுக்கோ தக்கேமியாவின் 10 பாக நாவலை 2008இல் 'தொராடோரா' என்ற பெயரில் 25 அத்தியாயங்களாகச் சுருக்கினார். எதை விடுவது என்பதில் அவருக்கு இருந்த தெளிவு, சொந்தக் கதைகளில் எப்போதும் இருந்ததில்லை.

உலகத்தையும் அரசியலையும் கட்டியெழுப்ப வேண்டிய கதைகள் அவருக்குச் சரிப்படுவதில்லை. 2015 முதல் 2017 வரை வந்த குண்டம் என்ற ராட்சத ரோபோ வரிசையின் தொடரான 'இரும்பு ரத்த அநாதைகள்' சிறுவர் படையினரின் கதை. அந்தப் பையன்கள் சேர்ந்து சாப்பிடுவதும், ஒருவரை ஒருவர் குடும்பமாக ஏற்பதும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் இரண்டாம் பருவத்தில் மெக்கில்லிஸ் என்ற சூழ்ச்சிக்காரன், பழம்பெருமை வாய்ந்த ஓர் இயந்திரத்தில் ஏறிவிட்டால் தான் சேர்ந்த ராணுவம் முழுவதும் தன்னைப் பணியும் என்று நம்பிக் கலகத்தில் இறங்குகிறான். பெரிதாக யாரும் அசையவில்லை. அவனுடைய மன ஏக்கத்தை வைத்துப் பார்த்தால் இது பொருந்தும். பல ஆண்டுகள் திட்டமிட்டவனின் உத்தியாகப் பார்த்தால் நம்புவது கடினம். 2016இன் 'மயோய்கா' இன்னும் மோசம். முப்பது பேர் பேருந்தில் ஏறி மர்மக் கிராமத்துக்குப் போகிறார்கள், அவரவர் மனக்காயம் அங்கே பூதமாக உருவெடுத்து வருகிறது. பல காயங்களை வரிசையாக விளக்க வேண்டியிருந்ததால் பயப்பட வேண்டிய இடங்களில் சிரிப்புதான் வந்தது.

2018இல் பி.ஏ. வொர்க்ஸ் தயாரித்த 'மக்கியா' படத்தின் மூலம் அவரே இயக்குநரானார். ஷாங்காய் திரைப்பட விழாவில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருது பெற்ற படம் இது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இளமை மாறாமல் வாழும் இனத்தைச் சேர்ந்த மக்கியா, இறந்துபோன ஒரு தாயின் இறுகிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழந்தையை எடுக்கிறாள். குழந்தை வளர்கிறது, அவள் வளரவில்லை. ஒரு கட்டத்தில் ஊராரிடம் அக்கா தம்பி என்று சொல்லிக்கொள்ள நேர்கிறது. அம்மா என்று கூப்பிட மறுக்கும் மகனின் வயதும், கூப்பிடப்படாத தாயின் வலியும் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் படத்தில் வரும் போர் எதற்காக நடக்கிறது, எதிரி யார் என்பதெல்லாம் படம் முடிந்த பிறகு நினைவில் நிற்பதில்லை.

மப்பா ஸ்டுடியோவுக்காக 2023இல் எழுதி இயக்கிய 'மபோரோஷி'யில் இந்தக் குறையை ஓரளவு கடந்திருக்கிறார். எஃகு ஆலை வெடிப்புக்குப் பிறகு காலம் உறைந்துபோன ஓர் ஊர். மாறாமல் இருப்பதுதான் அங்கே சட்டம். மனம் ஆழமாகக் கலங்கியவர்களை ஆலைப் புகையிலிருந்து எழும் ஓநாய்கள் விழுங்கிவிடும். இங்கே உலகத்தின் விதியே உணர்ச்சியிலிருந்து பிறப்பதால், கதையும் பாத்திரங்களும் ஒன்றையொன்று இழுக்காமல் சேர்ந்து நகர்கின்றன. பெரியவர்கள் கூடி விதிகளை விளக்கும் காட்சிகள் மட்டும் படத்தை இடையிடையே நிறுத்துகின்றன. இறுதியில் என்றும் பதின்வயதிலேயே இருக்கும் முத்சுமி, நிஜ உலகத்தில் வளர்ந்துவிட்ட தனக்குப் பிறந்து இந்த ஊருக்குள் வந்துவிட்ட மகளை அங்கேயே திருப்பி அனுப்புகிறாள். இருவரும் விரும்பும் பையனைக் குறித்து, எதிர்காலம் உனக்கு, அவனுடைய மனம் மட்டும் எனக்கு என்று அந்த மகளிடமே சொல்கிறாள். தாய்ப்பாசம் உச்சத்தைத் தொடும் இடத்தில் தாயை மகளின் போட்டியாளராக நிறுத்தும் இந்தப் பேச்சு சிலருக்கு அருவருப்பாகப் படலாம். ஆனால் படத்தில் மிக நேர்மையாக எழுதப்பட்ட இடம் அதுதான்.