மணலைத் தாங்கும் வால்வு

நம் ஊர்க் கொல்லர் அரிவாளின் விளிம்பை மட்டும் காய்ச்சி நீரில் தோய்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் காரணத்தை ஒரு பெரிய பம்பிலே காண்போம்.

எண்ணெய்க் கிணறு தோண்டுகையில், உடைந்த கல்துகள்களை மேலே கொணரச் சேற்று நீரைப் பேரழுத்தத்தில் உள்ளே செலுத்துவர். அந்தப் பம்பின் வால்வு நிமிடத்திற்கு 100 முறை மூடுமெனில், ஒரு நாளில் 1,44,000 முறை தன் இருக்கையின்மீது மோதுகிறது. இடையே அகப்படும் குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவில் 7. மென்மையான எஃகினது 5க்கும் குறைவு. ஆகவே மணல் எஃகைக் கீறும். கீறல் வழியே பீறிடும் சேறு அதனை வாய்க்காலாக அரித்துவிடும்.

வால்வு முழுவதையும் கடினமாக்கினால் என்ன? மிகக் கடினமான எஃகு மோதலில் விரிசலுற்று உடையும். எனவே, கரி மிகுந்த வாயுவில் 900 பாகை சென்டிகிரேடு அளவில் காய்ச்சி, விரைந்து குளிர்விப்பர். கரி ஏறிய மேற்புறம் மணலுக்கு ஏறக்குறைய ஈடான கடினம் பெறும். உள்ளகமோ அடிதாங்கும் உறுதியுடன் நிற்கும். விளிம்பிற் பொருத்தும் பாலியூரித்தேன் வளையத்தில் மணல் அமிழ்வதால் இடைவெளியும் அடைபடும்.

புறத்தே கடினம், அகத்தே உறுதி, விளிம்பிலே நெகிழ்வு: இம்மூன்றும் கூடினாலன்றி வால்வு நெடுநாள் உழைக்காது.