குழாயில் வந்த நீர் எங்கே போகிறது?

நகராட்சி நமக்கு என்ன செய்கிறது என்று வகுப்பில் வினவினால், குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை வண்டி, சாலை, சந்தை என்று மாணவர்கள் வரிசையாக விடை கூறுவர். சாக்கடை என்று முதலில் கூறும் மாணவரைக் காண்பது அரிது. அஃது இயல்பே. நன்கு இயங்கும் சாக்கடை கண்ணிற் படுவதில்லை, நாற்றமும் எழுப்புவதில்லை. அது கெட்ட பின்னரே அப்படி ஒன்று இருப்பது நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் ஒரு சிறு நகரத்தின் ஆட்சியை அளந்தறிய அதனினும் நல்ல அளவுகோலை நான் அறியேன். ஆதலின் இன்று அதைக் குறித்தே பேச விழைகிறேன்.

1992 ஆம் ஆண்டில் நிறைவேறி, 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது அரசியலமைப்பின் 74 ஆவது திருத்தம். நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளை அதன் வழி வந்த பன்னிரண்டாம் அட்டவணை அடுக்கித் தருகிறது. குடிநீர் வழங்கல் அவற்றுள் ஒன்று. பொதுச் சுகாதாரமும் துப்புரவும் மற்றொன்று. 'ஒப்படைக்கத்தக்க' என்ற சொல்லை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும். ஆகவே இடத்துக்கு இடம் ஏற்பாடு வேறுபடும். தமிழ்நாட்டு நகராட்சி, தெருவிளக்குக்குக் கட்டணம் செலுத்தும் ஒரு மின் வாடிக்கையாளர் மட்டுமே. கேரளத்துத் திருச்சூர் மாநகராட்சியோ தன் நகருக்குத் தானே மின்சாரம் விநியோகிக்கிறது. நீரைப் பொறுத்த வரையில், சென்னைக்குத் தனி வாரியம் உண்டு. நம் சிறு நகரங்களுக்குப் பெரிய திட்டங்களை 1971 இல் அமைந்த குடிநீர் வடிகால் வாரியம் கட்டித் தருவதுண்டு. கட்டியதை நாள்தோறும் நடத்தும் சுமை பெரும்பாலும் நகராட்சியின் தலைமேல் ஏறுகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீரும், அஃது இல்லாத ஊரில் 70 லிட்டர் நீரும் வழங்கலாம் என்பது மத்திய அரசின் 1999 ஆம் ஆண்டுப் பொறியியல் கையேடு வகுத்திருந்த அளவு. சாக்கடை இல்லாத ஊர்மக்களுக்குத் தாகம் குறைவா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் வேறு. வந்த நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும். 50,000 பேர் வாழும் ஊருக்கு 135 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 67.5 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அதில் 54 லட்சம் லிட்டர் வீடுகளினின்றும் வெளியேறும். 9,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் அதை ஏற்றுவதாயின் 600 லாரிகள் வேண்டும். இன்று 600, நாளையும் 600. போக வழியின்றி அவ்வளவு நீரை ஊருக்குள் கொணர்ந்தால் அது தெருவில் தேங்கும், கிணற்றில் இறங்கும், கொசுவை வளர்க்கும்.

இந்த உண்மையை உலகின் பெரிய நகரங்களும் துன்பப்பட்டே கற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் குழாய் நீரும் நீர்க் கழிப்பிடமும் பெருகின. கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றைச் சேர்ந்தது. வாந்திபேதியால் மக்கள் மடிந்தனர். 1858 ஆம் ஆண்டுக் கோடையில் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றக் கட்டடத்துள்ளேயே புகுந்தது. அதன் பின்னரே பேசல்கெட் என்னும் பொறியாளர் திட்டமிட்ட பெருஞ்சாக்கடைகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. உறுப்பினர்களின் மூக்கும் பொதுநலத்துக்கு உதவியது என்று கூறலாம்!

பாதாளச் சாக்கடை இயங்கும் முறை எளியது. குழாய்களைச் சரிவாகப் பதிக்கிறார்கள். கழிவுநீர் தன் எடையால் தானே ஓடுகிறது. நொடிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் வேகமேனும் இருந்தால்தான் மணலும் கசடும் படியாமல் நீரோடு செல்லும். சரிந்துகொண்டே போகும் குழாய் ஓரிடத்தில் மிக ஆழமாகிவிடும். அங்கே ஒரு கிணறு அமைத்து, பம்பு வைத்து நீரை மேலேற்றி மறுபடியும் ஓட விடுவர். இறுதியில் சுத்திகரிப்பு நிலையம். இடையிடையே, குழாய் திரும்பும் இடங்களிலும் கூடும் இடங்களிலும், ஆள் இறங்கும் தொட்டிகள் உண்டு. தெருவில் வட்ட மூடியோடு காணும் 'மேன்ஹோல்' அதுவே.

இங்கேதான் சிறு நகரங்களின் தொல்லை தொடங்குகிறது. கோடிக்கணக்கில் செலவிட்டுக் குழாய் பதித்தாகிவிட்டது. ஆனால் இணைப்புக்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும், முற்றத்தைத் தோண்ட வேண்டும் என்று பலர் இணைப்பே பெறுவதில்லை. ஆயிரம் வீட்டுக் கழிவுநீருக்காக அமைத்த குழாயில் முந்நூறு வீட்டு நீர் ஓடினால் வேகம் குறைகிறது, கசடு படிகிறது, அடைப்பு விழுகிறது. ஆள் குறையக் குறைய அடைப்பு மிகும் என்பது கேட்க விந்தையாக இருக்கும். ஆயினும் அதுவே உண்மை. இணைப்புப் பெற்றோரோ வேறொரு பிழை செய்கின்றனர். மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு என்பதே இங்குள்ள ஏற்பாடு. இருந்தும் மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் திருப்பிவிடுவாருண்டு. ஐப்பசி மழையில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை நீர் பொங்குவதற்கு இது ஒரு பெருங்காரணம்.

பொங்கிய நீர் தெருவோடு நிற்பதில்லை. நம் ஊர்க் குழாய்களில் நாள் முழுதும் குடிநீர் ஓடுவதில்லையன்றோ? நீர் நின்ற வேளையில் குழாயில் அழுத்தம் குறையும். விரிசல் வழியே சுற்றியுள்ள அழுக்கு நீர் உட்புகும். மறுநாள் காலை அது குடத்தில் விழும். இதற்குக் காவலாகவே குளோரின் கலக்கிறார்கள்; வீட்டுக் குழாயில் பிடிக்கும் நீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அது குறைந்த வாரத்தில் வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் தலைகாட்டக்கூடும்.

அடைப்பை நீக்குவது யார்? இவ்வினாவைத் தாண்டிச் செல்ல நமக்கு உரிமையில்லை. அடைபட்ட தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு சேர்கிறது. காற்றினும் கனத்தது, அடியில் தங்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டை போல் நாறும். பெருமளவாயின் முகரும் உணர்வையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் சில மூச்சுக்குள் வீழ்வார். அவரைத் தூக்க இறங்கிய தோழரும் வீழ்வார். செய்தித்தாளில் இவ்வாறு இருவர், மூவராக மாண்டதைப் படிக்கிறோம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்க 1993 இல் ஒரு சட்டமும், 2013 இல் அதனினும் விரிந்த சட்டமும் வந்தன. பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைச் சாக்கடைக்குள் இறக்குவது குற்றம். இவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014 இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. காலங்காலமாக இத்தொழில் சில சாதியினர் மீதே சுமத்தப்பட்டு வந்தது. மேல்தட்டு மனிதர் இறங்க நேர்ந்திருந்தால் இயந்திரம் எப்போதோ வந்திருக்கும் என்பது என் துணிபு. உறிஞ்சு லாரியும், நீரைப் பீய்ச்சி அடைப்பு நீக்கும் வண்டியும் இன்று கிடைக்கின்றன. வாங்குவதோடு அமையாது; ஓட்டுநரும் டீசலும் உதிரிப்பாகமும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது? நம் நகராட்சிகளில் குடிநீருக்கும் வடிகாலுக்கும் தனி நிதி உண்டு. அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தும் சொத்துவரியில் ஒரு பகுதியும், குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களும் அதில் சேரும். வரியை உயர்த்த யாருக்கும் மனம் வருவதில்லை. 2008 இல் திருத்திய சொத்துவரி 2018 இல் உயர்த்தப்பட்டு, 2019 இல் அவ்வுயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. மீண்டும் 2022 இல்தான் உயர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் டீசல் விலையும் ஊதியமும் நின்றுவிடவில்லை. கேள்வி கேட்க மன்றமேனும் இருந்ததா எனில், அதுவும் இல்லை. 2011 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் எந்த மன்றமும் நீடிக்கலாகாது, அதற்குள் தேர்தல் முடிய வேண்டும் என்று அரசியலமைப்பு கூறியிருந்தும், ஐந்தாண்டுக்கு மேலாகத் தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தனர். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறித்த உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையையும் ஏரி வாரியத்தையும் கூறுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது என்று அது தடுக்கிறது.

பாதாளச் சாக்கடையே இல்லாத ஊர்கள்தாம் இன்னும் மிகுதி. அங்கே வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிலுள்ள கசடை அகற்ற வேண்டும். நிரம்பி வழியும் வரை பலர் அகற்றுவதில்லை. லாரி வந்து உறிஞ்சிச் சென்றபின் அதை எங்கே கொட்டுகிறது என்று கேட்பவரும் இல்லை. ஏரிக்கரையிலும் ஆற்றுப் படுகையிலும் இரவில் கொட்டிய நாள்கள் பல. தமிழ்நாடு அரசு 2014 இல் இதற்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017 இல் அமைந்தது. அண்டையிலுள்ள மதுராந்தகம் நகராட்சியின் கசடும் அங்கே வருகிறது. தனித்தனியே கட்ட இயலாததை இரண்டு ஊர்கள் கூடிச் செய்தன. இத்தகைய நிலையங்களில் கசடினின்றும் நீரைப் பிரித்து, திண்மத்தைக் காயவைத்து, நீரைத் தனியே தூய்மை செய்கின்றனர். ஊர் முழுதும் குழாய் பதிப்பதைக் காட்டிலும் செலவு மிகக் குறைவு. லாரி அங்கே தவறாமல் வந்து சேர்ந்ததா என்று நாள்தோறும் பதிவேட்டில் குறித்து வைக்க ஓர் ஊழியர் வேண்டும்.