ஒரே மாத்திரை, ஆளுக்கோர் அளவு

இதய வால்வு மாற்றிக்கொண்ட இருவருக்கு ஒரே வார்ஃபரின் மாத்திரையை வெவ்வேறு அளவில் எழுதித் தருவது ஏன் என்று பலர் கேட்கின்றனர். வயது, உணவு, பிற மருந்துகள் ஆகியவற்றோடு மரபணுவும் ஒரு காரணம். சி.ஒய்.பி.2சி9 என்னும் மரபணு, கல்லீரல் இம்மருந்தைச் சிதைக்கும் வேகத்தை முடிவுசெய்கிறது, வி.கே.ஓ.ஆர்.சி.1 என்பது, இம்மருந்து தடுக்கும் நொதி எவ்வளவு உருவாகும் என்பதை. ஆகவே சிலருக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராமே போதும். சிலருக்கு 10 தேவைப்படலாம். அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். மிகுந்தால் மூளையிலும் கசியக்கூடும்.

மரபணுச் சோதனையால் தொடக்க அளவு எளிதில் அமையுமா? 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஆம் என்றது. அதே ஆண்டின் அமெரிக்க ஆய்வு பயன் காணவில்லை. எனவே இதனை அனைவருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. செய்துகொண்டவர்களும் ஐ.என்.ஆர். சோதனையைத் தவறவிடலாகாது. கீரை உண்ணும் வழக்கம் மாறினாலும், புதிய மருந்து தொடங்கினாலும் எங்களிடம் தெரிவியுங்கள். அளவைத் தாங்களாக மாற்றாதீர்கள்.