உடம்புக்குள்ளே ஒரு தராசு



காலை பத்து மணியைத் தாண்டினால் செம்பனைக் காட்டு வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். ஆனாலும் நல்ல உடம்பின் சூடு 37 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. எப்படி?

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. பாதாம் பருப்பு அளவுதான். உடம்புக்கு அதுதான் மண்டோர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! இரத்தத்தின் சூடு கொஞ்சம் ஏறினாலும் வியர்வையை விடச் சொல்லி உத்தரவு போடும். வியர்வை காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் சொட்டுகிறது. அதனால் உடம்பு மேலும் வியர்க்கிறது.

தண்ணீர் குறைந்தால் அதே உறுப்பு தாகத்தை எழுப்பும். சிறுநீரகங்களுக்கும் சேதி அனுப்பும். முதுகுப் பக்கம், விலா எலும்பின் அடியில், கைமுட்டி அளவில் இரண்டு இருக்கின்றன. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல வெளியே விட்டு, மற்றதை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கின்றன. தண்ணீர் பற்றாதபோது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போவது அதனால்தான். இந்தச் சமநிலைக்கு 1926-இல் 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயர் வைத்தார் அமெரிக்க அறிஞர் வால்டர் கெனன்.

"உடம்பே பார்த்துக்குதே, நமக்கென்ன?" என்பீர்கள். தராசில் வைக்கத் தண்ணீர் வேண்டாமா? குலைக் கணக்கு குறையுமே என்று ஆண்கள் குடிப்பதில்லை. காட்டில் ஒதுங்க மறைவிடம் இல்லையே என்று பெண்கள் குடிப்பதில்லை. இப்படியே வருடக்கணக்கில் போனால் சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம்; சிறுநீர்ப்பையில் கிருமி தொற்றலாம். வேலை இடத்தில் கழிப்பிடம் கேட்பதில் வெட்கமில்லை, தாய்மார்களே! சேர்ந்து போய்க் கேளுங்கள்.

வெயில் வேலையில் 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர் குடியுங்கள். தாகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலை சுத்துது, குமட்டுது என்றால் உடனே நிழலுக்குப் போங்கள். கூட வேலை செய்பவர் உளறினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்கம்; உயிருக்கே ஆபத்து. 999-க்கு அழைத்துவிட்டு, அவரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நாளைக் காலை பெரட்டுக்குக் கிளம்பும்போது, சோற்றுப் பாத்திரத்துக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வையுங்கள்.