முந்திரிக்கொட்டையை முந்துங்கள்!

காலையில் கண்ணாடியைப் பார்த்து, "யார் சார் நீங்க?" என்று உங்களையே நீங்கள் கேட்டதுண்டா?

நான் கேட்டிருக்கிறேன். 2014 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. உதடு இரண்டும் வாழைக்காய் பஜ்ஜி மாதிரி உப்பியிருந்தன. இடது கண், கடை அடைக்கிற நேரத்து ஷட்டர் மாதிரி முக்கால்வாசி இறங்கியிருந்தது. கன்னத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். விரல் இடுக்கெல்லாம் அரிப்பு. சாதாரண அரிப்பு இல்லை. "சொத்தை எழுதிக் கொடு, சொறிந்துவிடுகிறேன்" என்று யாராவது வந்திருந்தால் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பேன். (நல்லவேளை, சொத்து இல்லை!)

மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வருஷக்கணக்காக வவுச்சருக்கு டிக் அடித்துக்கொண்டிருந்தவனுக்கு வந்த முதல் பெரிய அழைப்பு. அதற்காக வாங்கின புதுச் சட்டை ஹாங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் போகவேண்டிய ஆளைத்தான் காணோம்!

எல்லாம் ஒரு கைப்பிடி முந்திரிக்கொட்டையால் வந்த வினை.

சுட்டதும் சுட்டது

மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை. பண்ருட்டிப் பக்கம் நண்பனின் ஊர். முந்திரி சீசன். தோப்பில் பொறுக்கின பச்சைக் கொட்டைகளை ஒரு தகர மூடியில் போட்டு, சருகு கொளுத்திச் சுட ஆரம்பித்தோம். சூடு ஏறியதும் கொட்டையிலிருந்து எண்ணெய் கொப்பளித்து 'புஸ்'ஸென்று தீப்பிடிக்கும். தீபாவளி தோற்றது போங்கள். சுற்றி நின்று புகையையும் சேர்த்து இழுத்தோம்.

நண்பனின் ஆயா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார். "கையில எண்ணெய் தடவிக்கிட்டு ஒடைங்கடா! ஒடைச்சதும் சோப்பு போட்டு நல்லா கழுவிப்புடுங்க!"

"சரிங்க ஆயா" என்றேன். 'சரி' என்பது பதில்தானே, செயல் இல்லையே! சரியாக வேகாத நாலைந்து கொட்டைகளைப் பல்லால் கடித்தே உடைத்தேன். கரி அப்பின கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டேன். அதே கையால் முகத்து வியர்வையையும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. 'பார்த்தீங்களா, நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று பஸ்ஸில் நண்பனிடம் பெருமை வேறு. திங்கள் மதியம் உதட்டோரம் லேசாக நமநமவென்றது. செவ்வாய்க்கிழமை... மேலே படித்தீர்களே, அதுதான்.

ரொக்கமா, கடனா?

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் புரிந்தது. நம்மூரில் அரிக்கிற செடிகளில் இரண்டு வகை வியாபாரம் உண்டு.

முதலாவது, ரொக்க வியாபாரம். செந்தட்டி, பூனைக்காலி எல்லாம் இந்தக் கட்சி. மேலே பட்ட அடுத்த விநாடியே சுணை குத்தி, தையத்தக்கா என்று ஆட வைக்கும். செந்தட்டி கடுப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கணக்கு முடிந்தது.

இரண்டாவது, கடன் வியாபாரம். முந்திரி ஓடு, சேராங்கொட்டை, மாங்காய்க் காம்பிலிருந்து சொட்டுகிற பால்... மூன்றும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். இவற்றின் எண்ணெய்ப் பசை தோலில் பட்டதும் ஒன்றும் தெரியாது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கி, தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். நம் உடம்பின் காவல்படை, 'யாரோ அந்நியன் புகுந்துட்டான்டா' என்று ஆள் திரட்டிக்கொண்டு வருவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அப்புறம் அவர்கள் நடத்துகிற தடியடிதான் வீக்கம், கொப்புளம், அரிப்பு எல்லாம். பில் வந்து சேரும்போது நாம் சரக்கு வாங்கினதையே மறந்திருப்போம்!

'போன வருஷம்கூட சுட்டுத் தின்னேன், ஒண்ணும் ஆகலையே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில தடவைகளில் உடம்பு சும்மா இருந்துவிட்டு, எதிரியின் முகத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூடும். அடுத்த தடவை சீக்கிரமாகவும் பலமாகவும் அடிக்கும்.

முந்திரி ஓட்டு எண்ணெய் இன்னும் ஒரு படி மேல். ஒவ்வாமை வேறு, அது இல்லாதவருக்கும் தோலை நேரடியாகவே அரித்துப் புண்ணாக்கும் குணம் வேறு. (கடையில் வாங்குகிற முந்திரிப்பருப்புக்குப் பயப்படவேண்டாம். ஓட்டை வேகவைத்தோ வறுத்தோ உடைத்துத் தோலுரித்துத்தான் விற்பனைக்கு வருகிறது. பாயசம் பத்திரம்!)

காலரில் ஒரு குறி

சேராங்கொட்டையை நேரில் பார்க்காதவர்கள்கூட ஒரு காலத்தில் அதைக் கழுத்தில் சுமந்தார்கள். சலவைக்குப் போட்ட சட்டையின் காலர் உள்பக்கம் கறுப்பாக ஒரு கோடு, இரண்டு புள்ளி இருக்கும் ஞாபகமிருக்கிறதா? எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாத அந்த மை, சேராங்கொட்டைச் சாறு.

இரண்டாம் உலகப்போர் சமயம் இந்தியாவில் இருந்த அமெரிக்க சிப்பாய்கள் பலருக்குப் பிடரியில் திட்டுத் திட்டாகக் கொப்புளம் கிளம்பியது. சலவைக் குறி தோலில் படுகிற இடத்தில் மட்டும்! துப்பறிந்து பார்த்த ராணுவ டாக்டர்கள், குற்றவாளி சேராங்கொட்டைதான் என்று 1943-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். சிப்பாய்களுக்கு மட்டும் ஏன் அப்படி? அவர்கள் ஊரில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பங்காளி உண்டு. பெயர், பாய்சன் ஐவி.

பாய்சன் ஐவி நம்மூரில் கிடையாது. அமெரிக்காவில் வேலியோரம், மரத்தின் மேல், கொல்லைப்புறம் என்று சகட்டுமேனிக்குப் படரும் கொடி. ஒரு காம்பில் மூன்று இலை. 'மூணு இலை கண்டால் தொடாதே' என்று அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார்கள். அதன் எண்ணெய்க்கு உருஷியால் என்று பெயர். ஜப்பானில் மரச்சாமான்களுக்குப் பூசுகிற 'உருஷி' என்ற அரக்குப் பாலிலிருந்து வந்த பெயர். அந்த அரக்கு மரமும் இதே குடும்பம்தான். பாய்சன் ஐவியோடு மோதிப் பழகின உடம்பு, சேராங்கொட்டையைப் பார்த்ததும் 'நீ அவன் தம்பிதானே' என்று அடிக்க ஆரம்பித்துவிடும்.

இது திரும்பியும் வேலை செய்யும். மாம்பாலில் உதடு வெந்த அனுபவமுள்ள நம்மூர்ப் பையன்கள் வேலைக்காக அமெரிக்கா போய், வார இறுதியில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வெறுங்கையால் கொடியைப் பிடுங்கினால் கதை கந்தல்தான். பிடுங்கியதைக் குவித்துக் கொளுத்தினால் இன்னும் மோசம். புகையோடு எண்ணெய் நுரையீரலுக்கே போய்விடும். அங்கே சொறிய முடியாது!

அன்று நான் செய்த வைத்தியம்

மறுபடி என் செவ்வாய்க்கிழமைக்கு வாருங்கள். மேன்ஷன் முழுக்க டாக்டர்கள்தான்!

பக்கத்து அறைக்காரர் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். எதிர் அறைக்காரர், கொதிக்கக் கொதிக்க உப்புத்தண்ணீர் ஒத்தடம் என்றார். கொடுத்தேன். ஒரு மகானுபாவர் மண்ணெண்ணெய் என்றார். அதையும் விடவில்லை. சாயங்காலத்துக்குள் அரிப்போடு எரிச்சலும் சேர்ந்து, இரண்டு கண்களும் ஷட்டரை இறக்கிவிட்டன.

புதன்கிழமை அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். என் பயோடேட்டா போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார் அதிகாரி. "இது... தொத்துமாப்பா?" என்று கேட்டபடி நாற்காலியை ஓர் அடி பின்னுக்குத் தள்ளினார்.

"தெரியலை சார்" என்றேன். நிஜமாகவே தெரியாது.

"உடம்பு சரியாகட்டும், சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை.

தொத்தாது சார்! இது தொத்தவே தொத்தாது. கொப்புளம் உடைந்து வடிகிற நீரிலும் விஷம் கிடையாது. அது நம் உடம்பின் சொந்தச் சரக்கு. தினம் ஒரு புது இடத்தில் கிளம்புகிறதே என்றால், அங்கே எண்ணெய் குறைவாகப் பட்டிருக்கும், அல்லது தோல் தடிப்பாக இருக்கும். அதனால் லேட். இல்லையென்றால் கழுவாத பேண்ட், செருப்பு, நகக்கண் எங்காவது எண்ணெய் இன்னும் ஒளிந்துகொண்டிருக்கும். இந்த நாலு வரி அன்று தெரிந்திருந்தால், அந்த நாற்காலி பின்னால் போயிருக்காதோ என்று இன்னும் தோன்றுவதுண்டு.

மரத்தைச் சுற்றினால் போகுமா?

கேரளத்தில் சேரு மரம் பட்டு உடம்பு வீங்கினால், தான்றி மரத்தைச் சுற்றி வந்தால் சரியாகும் என்று ஒரு நம்பிக்கை. சிரிக்காதீர்கள். நிச்சயம் சரியாகும்! ஏனென்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் இது தானாகவே ஆறிவிடும். தான்றியைச் சுற்றினாலும் ஆறும், டெலிபோன் கம்பத்தைச் சுற்றினாலும் ஆறும். கடைசியாக எதைத் தடவினோமோ அதற்குத்தான் பேர். நம் வீட்டு வைத்தியங்களில் பாதிக்கு இப்படித்தான் சர்டிபிகேட் கிடைத்திருக்கிறது.

ஆகவே வைத்தியம் செய்வது குணமாக்க அல்ல. அந்த மூன்று வாரத்தைத் தாங்கிக்கொள்ள, புண்ணைக் கெடுக்காமல் இருக்க. அவ்வளவுதான். அசல் வைத்தியம் நடக்கவேண்டிய நேரம் வேறு.

பட்டவுடன் செய்யவேண்டியது: கையில் கடிகாரம் இருந்தால் பாருங்கள். முதல் பத்து நிமிடம் தங்கம். நிறையத் தண்ணீர், சோப்பு. பாத்திரம் தேய்க்கும் சோப்பு இன்னும் நல்லது, எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுதானே அதன் உத்தியோகம்! நகக்கண்ணை மறக்காதீர்கள். தோல் சிவக்கத் தேய்க்காமல், ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அரைமணி தாண்டினால் பலன் மளமளவென்று குறையும். ஆனாலும் கழுவுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

அரிப்பு வந்தபின்: பச்சைத்தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைக் கால்மணி, அரைமணி போட்டு எடுங்கள். தினம் நாலைந்து தடவை. காலமைன் லோஷன் தடவலாம். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் போடலாம். ஓட்ஸை மாவாக அரைத்துக் குளிக்கிற தண்ணீரில் கலந்தால் அரிப்பு அடங்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ராத்திரி தூக்கத்தில் சொறிவதுதான் சீழ் பிடிக்க ராஜபாட்டை.

செய்யக்கூடாதது: எலுமிச்சை, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பூண்டு எல்லாம் வேண்டாம். வெந்த தோலை இன்னும் வேகவைக்கும். எலுமிச்சைச் சாறோடு வெயிலில் போனால் கறுப்புத் தழும்பு போனஸ். வெந்நீர் ஊற்றும்போது சொர்க்கமாக இருக்கும். அடுத்த அரைமணியில் வட்டியோடு அரிக்கும். மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஏதாவது குடுங்க' என்று கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் இஷ்டத்துக்குப் பூசாதீர்கள். தோல் மெலிந்துபோகும்.

டாக்டரிடம் ஓடவேண்டியது: முகம், கண், மறைவிடம் வீங்கினால். காய்ச்சல், சீழ் இருந்தால். உடம்பில் பெரும் பகுதிக்குப் பரவினால். புகையை இழுத்து மூச்சுத் திணறினால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல். டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள். பாதியில் நிறுத்தினால் போனது திரும்பி வரும்.

எனக்கும் கடைசியில் டாக்டர்தான். மூன்று வாரம் கழித்து என் பழைய முகம் கிடைத்தது. அப்படியொன்றும் பிரமாதமான முகம் இல்லை என்றாலும், கண்ணாடியில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

ஆயாவின் கை

அடுத்த சீசனுக்கு மறுபடி அந்த ஊருக்குப் போனேன், தைரியமாக. திண்ணையில் ஆயாவும் இன்னும் நாலு பெண்களும் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் விளக்கெண்ணெய், ஒரு தட்டில் சாம்பல். நாலு கொட்டைக்கு ஒரு தடவை விரலை எண்ணெயில் முக்கி, சாம்பலில் ஒற்றி, அப்புறம்தான் அடுத்த கொட்டை. எந்தப் புஸ்தகமும் படிக்காமல் கண்டுபிடித்த கையுறை!

அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. ரேகை இருந்த இடமே தெரியவில்லை. பாயசத்தில் மிதக்கிற ஒவ்வொரு முழு முந்திரிக்குப் பின்னாலும் இப்படி ஒரு கை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"உங்களுக்கெல்லாம் பழகியிருக்கும் இல்ல ஆயா?" என்று கேட்டேன்.

"எங்க தம்பி பழகுது? சொல்றதில்ல, அவ்ளோதான்" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். நான் அதற்குள் குழாயடிக்கு எழுந்துவிட்டிருந்தேன்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? முந்திரிக்கொட்டை மாதிரி!" என்று சிரித்தார்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படித்தான் இருக்கவேண்டும் சார். முந்திரிக்கொட்டையையே முந்திக்கொண்டு!