முனி நடக்கும் சாமத்தில் கூப்பிடுவது யார்?

மதுரையைச் சுற்றிய ஊர்களில் இரவுக்கென்று தனிச் சட்டங்கள் உண்டு. நடுச்சாமத்தில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்கக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் கதவைத் திறக்க வேண்டும். முனி பாயும் தடத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்கக் கூடாது. கருப்பசாமி வேட்டைக்குப் போகும் சலங்கைச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கக் கூடாது. கூரை மேல் சாக்குருவி கத்தினால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும்.

இந்தச் சட்டங்களைச் சொல்லிவைத்தவர்கள் இல்லாத சத்தத்தைக் கேட்கவில்லை. அழகர்மலை அடிவாரத்திலும் நாகமலைச் சரிவிலும் மேலூர்ப் பக்கத்துப் பாறைக் குன்றுகளிலும் இருட்டிவிட்டால் அலறலும் சீறலும் சீட்டியும் இன்றும் கேட்கத்தான் செய்கின்றன. சத்தம் உண்மை. சத்தத்துக்கு உரியவரைத்தான் இருட்டு மறைத்து வைத்திருந்தது. பறவையியலும் ஒலியியலும் நரம்பியலும் சேர்ந்து, அந்த முகங்களை ஒவ்வொன்றாக நமக்குக் காட்டியிருக்கின்றன.

அலறுவது யார்?

முதலில் சாக்குருவி. ஊருக்கு ஊர் இந்தப் பெயர் வேறு வேறு பறவையைக் குறிக்கிறது; பெரும்பாலும் அது கூகை, இல்லையென்றால் புள்ளி ஆந்தை. கூகைக்கு இதய வடிவ வெள்ளை முகம், வெளிறிய வயிறு. பாழடைந்த வீடும் கோபுரப் பொந்தும் பழங்கிணற்றுச் சுவரும் அது குடியிருக்கும் இடங்கள். மற்ற ஆந்தைகளைப் போல அது குழறுவதில்லை. தொண்டை கிழிய நீளமாகக் கிரீச்சிடும். பொந்துக்குள் இருக்கும் குஞ்சுகள் இரை கேட்டு இரவு முழுக்கச் சீறும். ஆளில்லாத வீட்டுக்குள் யாரோ மூச்சு வாங்குவதாகத் தெருவில் போகிறவர் கேட்பது அந்தக் குஞ்சுகளின் பசியைத்தான்.

கூகை பறந்தால் சத்தமே இருக்காது. சிறகின் முன்விளிம்பில் பற்களாக வரிசைப்பட்ட நுண்ணிழைகள், பின்விளிம்பில் குஞ்சம், மேற்பரப்பில் மெல்லிய ரோமப் படலம் ஆகிய மூன்றும் காற்றின் இரைச்சலை அடக்கிவிடுகின்றன. அதனால், வெள்ளையாக ஏதோ ஒன்று தலைக்கு மேல் கடந்துபோனது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதன் காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலேயும் மற்றது கீழேயும் அமைந்திருப்பதால், சத்தம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதையும் அதனால் கணிக்க முடியும். கும்மிருட்டு அறையில் எலியின் சலசலப்பை மட்டும் கேட்டே கூகை அதைப் பிடித்துவிடும் என்பதை அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் சோதனைகளால் நிறுவி, 1971இல் விரிவாக வெளியிட்டார்.

பாறைக் குன்றுகளில் கேட்பது கொம்பன் ஆந்தையின் குரல். பாறையும் புதரும் கலந்த இடங்கள்தான் அதற்குப் பிடித்தவை. மதுரைக் குன்றுகள் அப்படிப்பட்டவை. அடிவயிற்றிலிருந்து எழும் ‘பூ-போ’ என்ற ஈரசைக் கூவல், சிறிது இடைவெளி, மறுபடியும் அதே கூவல். அரைத் தூக்கத்தில் இருப்பவர் அதில் தன் பெயரைக் கேட்டுவிடுவதில் வியப்பில்லை. முழுதாகக் காதில் விழாத சொல்லைப் பழகிய சொற்களால் நிரப்பிக்கொள்வது மூளையின் இயல்பு. ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பழகிய சொற்களில் முதலாவது அவரவர் பெயர்தானே.

பொட்டலிலும் கரட்டிலும் ஓலமிடுவது கண்கிலேடி. பகல் முழுக்கப் புதர் நிழலில் மண்ணோடு மண்ணாக அசையாமல் இருக்கும் இந்தப் பறவைக்கு, முகத்தில் பாதி என்று தோன்றும் அளவுக்குப் பெரிய மஞ்சள் விழி. நிலவு ஏறியதும் ஒன்று குரலெடுக்க மற்றொன்று அதை வாங்கித் தொடரும்.

திசை தெரியாத சலங்கை

இரவில் சலங்கையாக ஒலிக்கக்கூடியவை மரச் சில்வண்டுகள். இறக்கைகளை ஒன்றோடொன்று உரசி ஆண் சில்வண்டு பெண்ணை அழைக்கும் ஓசை அது. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வாழும் ஈகாந்தஸ் ஹென்றியை என்ற இனத்தை, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரோகிணி பாலகிருஷ்ணனின் குழு நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது. அதில் ஓர் அருமையான செய்தி கிடைத்தது. உடலும் குரலும் சிறுத்த ஆண் சில்வண்டுகள் இலையைக் கடித்துத் துளை போட்டு, அந்தத் துளையில் உடம்பைப் பொருத்திக்கொண்டு ஒலியெழுப்புகின்றன. இலை ஒலிப்பலகையாகி ஓசையைப் பெருக்கித் தருகிறது.

இந்தச் சலங்கை எந்தப் பக்கம் கேட்கிறது என்று ஏன் பிடிபடுவதில்லை? தாழ்ந்த சுருதி ஒலி இரண்டு காதுகளுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை திசையைக் கணிக்கிறது. உயர்ந்த சுருதியில், தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறைவதை வைத்துக் கணிக்கிறது. நடுவே, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இரண்டு வழியுமே சரியாகக் கைகொடுப்பதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்ஸ், நியூமன் என்ற இரு ஆய்வாளர்கள், கட்டடத்தின் மொட்டைமாடியில் உயரமான நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்து 1936இல் இதை வெளியிட்டார்கள். மரச் சில்வண்டின் ஓசை ஏறத்தாழ அந்தப் பகுதியில்தான் விழுகிறது. போதாக்குறைக்கு, காலடி அதிர்வு பட்டதும் அருகிலிருக்கும் பூச்சி அடங்கிவிடும். தள்ளியிருக்கும் பூச்சி தொடரும். நாம் நடக்க நடக்கச் சலங்கையும் விலகி நடக்கிறது.

இரவுக் காற்றுக்கும் இதில் பங்குண்டு. பகலில் தரை சுடுவதால் ஒலி மேல்நோக்கி வளைந்து சிதறுகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று தங்கும்போது ஒலி தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் வருகிறது. மலையில் எழுந்த குரல் வீட்டு வாசலில் கேட்பது இதனால்தான்.

ஏன் ரத்தம் உறைகிறது?

சாதாரணப் பேச்சில் சத்தம் நொடிக்கு நான்கைந்து முறை ஏறி இறங்கும். அலறலில் அது நொடிக்கு 30 முதல் 150 முறை வரை துடிக்கிறது. இந்தக் கரடுமுரடான துடிப்பு, மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா பகுதியை நேராகத் தூண்டுவதாக லுக் ஆர்னல், டேவிட் போப்பல் குழு 2015இல் காட்டியது. எழுப்பியது யார் என்று யோசிக்கும் முன்பே உடல் நடுங்கிவிடுகிறது. கதை அதற்குப் பிறகுதான் வருகிறது.

கடல் தாண்டினாலும் இதே கதைதான். இலங்கைக் காடுகளில் ‘உலமா’ என்ற பேய்ப் பறவை உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் காட்டுக்குள் ஓடிக் கதறுவதாகச் சிங்கள மக்கள் அதைச் சொல்வார்கள். கண்டி அரசில் 1660 முதல் சுமார் 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ், இரவில் அங்கே பிசாசின் கீச்சுக்குரலைத் தானே பலமுறை கேட்டதாக 1681இல் அச்சான தம் நூலில் எழுதினார். 1861இல் எமர்சன் டென்னன்ட் அதை ஆந்தை என்றார். குருநாகலில் அதைக் கேட்டிருந்த மிட்ஃபோர்டு என்ற அதிகாரி ஆந்தையே இல்லை என்று மறுத்தார். இன்று பறவையியலாளர்கள் பலர் சுட்டுவது காட்டுக் கொம்பன் ஆந்தையை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அது வாழ்கிறது.

மிதக்கும் கண்கள்

சத்தங்களையும்விட மிரட்டுவது இருட்டில் எரியும் கண். முள்மரக் கிளையில் ஆளுயரத்தில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் மெல்ல நகர்ந்தால், அது தேவாங்காக இருக்கலாம். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளிப்படலம் டார்ச் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. தேவாங்கு சீட்டியும் அடிக்கும். அழகர்மலை தொடங்கி நத்தம், அய்யலூர் வரை இருக்கும் வறண்ட காடுகள் அதன் சொந்த மண். 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு, இந்தியாவின் முதல் தேவாங்கு சரணாலயமாகக் கடவூரின் பெயரில் அறிவிக்கப்பட்டது.

அச்சம் காத்ததும் கொன்றதும்

இந்த உயிர்கள் இதுவரை பிழைத்ததில் சாமிக்கும் முனிக்கும் பெரும் பங்குண்டு. அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டிய காசம்பட்டி வீரகோயில் காட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது பயபக்திதான். 4.97 ஹெக்டேர் மட்டுமே உள்ள அந்தக் கோயில்காடு 2025இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அதற்கு முன், 2022 நவம்பரில், அந்தப் பெருமையை மாநிலத்தில் முதலாவதாகப் பெற்றது மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி. சுமார் 250 பறவையினங்கள் பதிவான இடம். அங்கு டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது ஊர்மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஆனால் காட்டைக் காத்த அதே அச்சம் பறவையைக் கொல்கிறது. சாக்குருவி என்று கூகையைக் கல்லால் அடிக்கிறார்கள். மாந்திரீகத்துக்காகத் தேவாங்கைப் பிடிக்கிறார்கள். இந்தியாவில் உள்ள 30 ஆந்தையினங்களில் 15 இனங்கள் கள்ளச் சந்தையில் விற்கப்படுவதை 2010இல் டிராபிக் இந்தியா அமைப்பின் அறிக்கை அம்பலப்படுத்தியது. மாந்திரீகம் அதற்கு முக்கியக் காரணம். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி இவையெல்லாம் குற்றம். வயலுக்கும் நட்டம்: எலியைக் கட்டுப்படுத்த, ஆந்தை உட்காருவதற்கென்றே நெல் வயலில் குச்சி நடச் சொல்கிறார்கள் வேளாண் அறிஞர்கள்.

அச்சம் பார்த்துவந்த காவல் வேலையை இனி அறிவு ஏற்க வேண்டும். பொந்துள்ள பழைய மரத்தை வெட்டாமல் விடுவதும், பாழ் வீட்டில் சீறும் குஞ்சுகளை நிம்மதியாக வளர விடுவதும், கேட்கும் குரலுக்கு உரிய பறவையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதன் தொடக்கம். முனிக்கு விட்ட தடமும் கருப்பனுக்கு விட்ட காடும் அப்படியே இருக்கட்டும். அங்கே குடியிருப்பவர்களின் பெயர்கள் இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு கல்லைக் கையிலெடுக்க ஒரு காரணமும் இல்லை.